கார்டைத் தாண்டும் திசைகள்: பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகத் தொடங்கியவர்களுக்கு

தரையில் பிடித்துப் போராடும் கலையான ஜியு-ஜிட்சுவின் பயிற்சிக்கு வந்த முதல் சில மாதங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் நேரும் அனுபவம் இது. எதிராளி மல்லாந்து கிடக்கிறார். அவருடைய இரு கால்களும் உங்களை நோக்கி நீண்டிருக்கின்றன. நீங்கள் வலப்பக்கம் ஓடுகிறீர்கள். அவர் இடுப்பைத் திருப்பிக் கால்களை மறுபடியும் உங்கள் முன் வைக்கிறார். இன்னும் வேகமாக அதே பக்கம் ஓடுகிறீர்கள். கால்கள் மறுபடியும் முன்னே வந்து நிற்கின்றன. இரண்டு நிமிடத்தில் உங்களுக்கு மூச்சு இரைக்கிறது, கிடப்பவருக்கோ வியர்க்கக்கூட இல்லை. வேகம் போதவில்லை என்று நினைத்து நான் பல மாதங்கள் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். என்னைவிட எடை குறைந்த மூத்த மாணவர் ஒருவர் அவ்வளவு நேரமும் முதுகை ஊன்றிச் சும்மா திரும்பிக்கொண்டிருந்தார்.

காரணம் எளிய வடிவகணிதம்தான். கிடப்பவர் வட்டத்தின் மையத்தில் இருக்கிறார். நீங்கள் அதன் விளிம்பில் ஓடுகிறீர்கள். அவருடைய இடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால், வட்டத்தின் நான்கில் ஒரு பங்கைச் சுற்றி அவருடைய பக்கவாட்டை அடைய நீங்கள் ஏறக்குறைய 1.57 மீட்டர் நகர வேண்டும். அவரோ இருந்த இடத்திலேயே 90 பாகை திரும்பினால் போதும். இந்தப் பந்தயத்தில் ஒரே திசையில் ஓடுபவர் வெல்வது கடினம். வெல்ல இரண்டு வழிகள் உண்டு: அவர் திரும்ப முடியாதபடி இடுப்பையோ கால்களையோ அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது அவர் திரும்புவதையே உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டும். சுழலத் தொடங்கிய உடலை நிறுத்தி எதிர்த்திசையில் சுழற்றச் சிறிது நேரம் பிடிக்கும். நீங்கள் நுழைய வேண்டிய வாசல் அந்தச் சிறிது நேரம்தான். முதல் திசை பெரும்பாலும் உங்களைக் கார்டுக்கு, அதாவது அவருடைய கால்களாலான அரணுக்கு, அப்பால் கொண்டுசேர்க்காது. அதற்கு அவர் தரும் பதில்தான் இரண்டாம் திசையைத் திறக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் திசையைப் பற்றியது.

ஒரு சிறு ஏற்பாடு: இடம், வலம் என்று நகர்வைச் சொல்லும் இடங்களில் அது மேலே இருக்கும் உங்களுடைய இடமும் வலமும் ஆகும். எதிராளியின் கை, கால்களைக் குறிப்பிடும்போது மட்டும் அவருடைய உடலை வைத்தே சொல்கிறேன். நேருக்கு நேர் இருக்கையில் அவருடைய வலது கால் உங்கள் இடப்பக்கம் இருக்கும் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

தாண்டுவது என்றால் என்ன

மல்யுத்தத்தில் இரு தோள்களும் தரையில் அழுந்தினால் ஆட்டம் முடிந்தது. ஜியு-ஜிட்சுவில் அப்படியில்லை, மல்லாந்து கிடப்பவர் தம் கால்களை உங்களுக்கும் தம் உடலுக்கும் இடையே வைத்திருக்கும்வரை அவர் தோற்றவர் அல்லர். அங்கிருந்தே அவர் உங்களைக் கவிழ்க்கலாம், கையை மடக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். அந்தக் கால் அரணுக்குத்தான் கார்ட் என்று பெயர். சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிகளின்படி, அந்த அரணைக் கடந்து, மல்லாந்தோ பக்கவாட்டிலோ கிடக்கும் எதிராளியை 3 விநாடி நிலையாகக் கட்டுப்படுத்தினால் 3 புள்ளிகள் கிடைக்கும். தப்பிக்க அவர் குப்புறத் திரும்பி முழங்காலிட்டுக்கொண்டால் அந்த 3 புள்ளிகள் கிடைக்காது. இதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அந்தத் திருப்பமும் நாம் எதிர்பார்க்க வேண்டிய பதில்களில் ஒன்று.

அரணை மூன்று கோடுகளாகப் பார்க்கப் பழகுங்கள். முதற்கோடு அவருடைய பாதங்கள், இரண்டாவது முழங்கால்கள், மூன்றாவது இடுப்பு. பாதங்களுக்கு வெளியே நிற்கும்வரை உங்களுக்கு ஆபத்து குறைவு, வாய்ப்பும் குறைவு. முழங்கால் கோட்டைக் கடந்துவிட்டால் அவர் உங்களைக் காலால் தள்ளிவிடுவது கடினமாகும். இடுப்புக் கோட்டைக் கடந்து உங்கள் மார்பு அவர் மார்பின் மேல் படியும்போதுதான் வேலை முடிகிறது. புதியவர்கள் பாதங்களிலிருந்து நேரே கழுத்துக்குப் பாய்கிறார்கள். நடுவிலிருக்கும் இரண்டு கோடுகளும் கடக்கப்படாமலேயே இருப்பதால் அவருடைய முழங்கால் எளிதாக உள்ளே வந்துவிடுகிறது.

திசைகளும் இடம், வலம் என்ற இரண்டோடு முடிவதில்லை. கால்களைச் சுற்றிப் போகலாம். இரு தொடைகளுக்கு நடுவே வெட்டிக்கொண்டு போகலாம். கால்களை அமுக்கி அவற்றின் மேலாகப் போகலாம். தொடைகளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிக் கீழாகப் போகலாம். அவருடைய தலையை நோக்கி நகர்வதும், வேண்டுமென்றே பின்வாங்குவதும்கூடத் திசைகளே. பின்வாங்குவதைத் தோல்வியாக நினைப்பதால்தான் பலரும் அகப்பட்ட பிடிக்குள்ளேயே நின்று போராடிக் களைத்துப்போகிறார்கள்.

புறப்படுவதற்கு முன்

எதிராளி உங்கள் இடுப்பைச் சுற்றிக் கணுக்கால்களைப் பூட்டியிருந்தால், அதாவது க்ளோஸ்டு கார்டில் இருந்தால், எந்தத் திசையும் கிடையாது. முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி, அவருடைய ஒரு கையைக் கட்டுப்படுத்தி, அந்தப் பக்கக் காலை முதலில் ஊன்றி எழுந்து நின்று, அவருடைய முழங்காலைக் கீழ்நோக்கித் தள்ளித் திறப்பது புதியவர்களுக்கு ஏற்ற முறை. இதைப் பற்றித் தனியாக எழுத நிறைய உண்டு. இங்கே கால்கள் திறந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து அவர் உங்கள் மேல் வைத்திருக்கும் பிடிகள். இரு கைச்சட்டை நுனிகளையும் பிடித்து, உங்கள் கைமடிப்பில் அவர் பாதம் வைத்திருக்கும்போது நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால், அந்த நகர்வை நடத்துவது நீங்கள் அல்ல, அவர்தான். உங்கள் காலைச் சுற்றி வெளிப்புறமாக அவர் பாதம் கொக்கி போட்டிருந்தாலும் இதே நிலைதான். பிரேசில் வீரர் ரிக்கார்டோ டி லா ரிவாவின் பெயரால் வழங்கும் அந்தக் கார்ட், உங்கள் ஒரு காலைத் தரையோடு தைத்துவிட்டு எடை சாயும் பக்கம் பார்த்துக் கவிழ்ப்பதற்காகவே அமைந்தது. ஆகவே முதலில் பிடியை உடையுங்கள், கொக்கியை விலக்குங்கள், பிறகு நகருங்கள். உடைக்க முடியாவிட்டால் ஓர் அடி பின்வாங்குங்கள். அவர் தம் கைகால்களை முழுவதும் நீட்டிய நிலையில் பிடியின் வலிமை குறைந்துவிடும்.

உங்கள் கைகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். ஒரு கை அவருடைய கால்களுக்கு நடுவிலும் மறு கை வெளியிலும் கவனமின்றிக் கிடந்தால், அவர் ட்ரையாங்கிள், அதாவது கால்களால் கழுத்தை நெரிக்கும் பிடி, போடுவதற்கு வேண்டிய வடிவத்தை நீங்களே செய்து கொடுத்துவிட்டீர்கள். தொடக்கத்தில் இரு கைகளும் வெளியே, அல்லது இரு கைகளும் உள்ளே என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

முதல் திசை: சுற்றிப் போவது

கற்கத் தொடங்குவதற்கு டொரியான்டோ பொருத்தமானது. காளைப்போர் வீரர் காளையைப் பக்கவாட்டில் விலக்கிவிடுவதைப் போன்ற அசைவு என்பதால் வந்த பெயர் அது. கீ எனப்படும் தடித்த பயிற்சி உடை அணிந்து பழகுபவர்கள் எதிராளியின் காற்சட்டையை இரு முழங்கால்களுக்கு அருகே வெளிப்புறமாகப் பிடிக்க வேண்டும். காற்சட்டைக் கால் நுனிக்குள் விரல்களை நுழைத்துப் பிடிப்பது விதிப்படி தவறு என்பதால், துணியை வெளியிலிருந்தே கொத்தாகப் பற்றப் பழகுவது நல்லது. கீ இல்லாமல் பழகுபவர்கள் முழங்காலுக்குக் கீழேயோ கணுக்கால் அருகிலோ உள்ளங்கையால் கவ்விப் பிடிக்கலாம்.

முதலில் அவருடைய முழங்கால்களை அவர் மார்பை நோக்கிச் சற்றுத் தள்ளுங்கள். அவர் எதிர்த்து உங்களை உதைப்பார், அல்லது கால்களை நீட்டுவார். அந்தக் கணத்தில் இரு கால்களையும் இடப்பக்கம் விலக்கித் தரையை நோக்கி அழுத்திக்கொண்டே நீங்கள் வலப்பக்கம் அடியெடுத்து வைக்க வேண்டும். கைகள் ஒரு திசையிலும் பாதங்கள் எதிர்த்திசையிலும் போவதுதான் இதன் உயிர்நாடி. உங்கள் பாதம் போய் நிற்க வேண்டிய இடம் அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில். விரல்கள் அவர் தலையை நோக்கியிருக்க வேண்டும். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் நீங்கள் இன்னும் இரண்டாம் கோட்டிலேயே இருக்கிறீர்கள். இடுப்பருகே வந்ததும் உங்கள் தோளின் எடையை அவருடைய இடுப்பின் மேலோ வயிற்றின் மேலோ இறக்குங்கள். நீட்டிய கைகளால் மட்டும் கால்களைத் தரையில் பிடித்துவைக்க முயன்றால் அது ஒரு விநாடிகூட நிலைக்காது.

இங்கே பலரும் தவறு செய்யும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். திசை மாற்றுவதுதான் சூட்சுமம் என்று கேட்டவுடன், முதல் நகர்வைப் பாசாங்காகச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்: தோளை மட்டும் வலப்பக்கம் அசைத்துவிட்டு உடனே இடப்பக்கம் பாய்கிறார்கள். எதிராளிக்கு அதில் எந்த அச்சுறுத்தலும் தெரியாததால் அவர் அசைவதே இல்லை; அசையாதவருக்கு எதிரே திசை மாற்றினாலும் பயனில்லை. முதல் திசையில் உண்மையாகவே தாண்டிவிட முயலுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் அப்படியே தாண்டிவிடலாம், அதிலும் நட்டமில்லை. அவர் பதில் சொல்லத் தொடங்கியதும், அந்தப் பதில் முடிவதற்குள் திரும்ப வேண்டும்.

அவருடைய பதில் என்ன

நீங்கள் வலப்பக்கம் போனபோது பெரும்பாலும் கிடைக்கும் பதில், அவர் இடுப்பைத் திருப்பிக் கால்களை உங்கள் பின்னாலேயே வலப்பக்கம் வீசுவது. அப்போது அவருடைய வலது தொடை பின்தங்கித் தரைக்கு அருகில் கிடக்கும். இடது கால் உங்களை மறிக்க மேலே வரும். நீங்கள் வலக்காலில் எடையை ஊன்றி நிற்கிறீர்கள். அந்தக் காலால் தரையை உந்தி, வலது முழங்காலை அவருடைய தொடைகளுக்கு நடுவே நுழைத்து, அவருடைய வலது தொடையின் மேலாகக் குறுக்கே இடப்பக்கத் தரைக்கு வெட்டி இறக்குங்கள். இதுவே ‘நீ கட்’ (knee cut), அதாவது முழங்கால் வெட்டு. வெட்டும் முழங்கால் எந்தப் பக்கத்தையுடையதோ அதே பக்கக் கை, இங்கே உங்கள் வலது கை, அவருடைய தூரக் கையின் அக்குளுக்கு அடியில் போக வேண்டும்; இடது கை அவருடைய அருகிலுள்ள வலது கையைச் சட்டை நுனியில் பிடித்து மேலே இழுத்துவைக்க வேண்டும். அவர் அந்தத் தூரக் கையை உங்கள் அக்குளுக்கு அடியில் முதலில் கொடுத்துவிட்டால் உங்கள் முதுகுக்கு ஏறிவிடுவார் என்பதால், முழங்காலைவிடக் கைக்கே முதல் கவனம் கொடுங்கள். பல எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற லியாண்ட்ரோ லோ, சுற்றி ஓடுவதையும் நடுவே வெட்டுவதையும் மாற்றி மாற்றித் தொடுத்தே மிக வலிமையான கார்டுகளைக் கடந்தவர். அவருடைய ஆட்டங்களைப் பார்க்கும்போது கைகளை விட்டுவிட்டுப் பாதங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

அதே பதிலுக்கு இன்னொரு வாசலும் உண்டு. கால்கள் வலப்பக்கம் வீசப்படும் வேகத்திலேயே அவருடைய வலது காலைப் பிடித்து, அது போகும் திசையிலேயே இன்னும் இழுத்து, உங்கள் வலது இடுப்புக்கு அப்பால் கடத்திவிட்டு நீங்கள் இடப்பக்கம் அடியெடுத்து வைத்தால் அது லெக் டிராக். அவருடைய இரு கால்களும் ஒரே பக்கம் அடுக்கப்பட்டுவிடுவதால் இடுப்பு முறுக்கிக்கொள்கிறது. மேல் உடல் ஒரு பக்கமும் கீழ் உடல் மறுபக்கமுமாகத் திரும்பியிருப்பவரால் வலுவாகத் தள்ள முடியாது. ரஃபேல், கில்ஹெர்மே மென்டிஸ் சகோதரர்களின் ஆட்டத்தால் இது பெரிதும் பரவியது. எதிராளி கொடுத்த வேகத்தோடு எதிர்த்து மோதாமல், அதையே கடன் வாங்கிக்கொள்வது இதில் தெளிவாகத் தெரியும். நீ கட்டா, லெக் டிராக்கா என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதில்லை. அவருடைய வலது கால் தரையோடு கிடந்தால் அதன் மேல் வெட்டுங்கள். அந்தரத்தில் மிதந்து வந்தால் இழுத்துக் கடத்துங்கள்.

இரண்டாவது வகைப் பதில், ஃபிரேம் எனப்படும் முட்டு. கால்கள் பிந்திவிட்டன என்று தெரிந்ததும் அவர் முன்கையை உங்கள் தோளிலோ கழுத்திலோ முட்டுக் கொடுத்து, ஷ்ரிம்ப் எனப்படும், பக்கவாட்டில் சுருண்டு நகரும் அசைவால் இடுப்பைப் பின்னுக்கு நகர்த்துவார். சாயும் சுவருக்குக் கொடுத்த முட்டைப் போலத்தான் இதுவும்: நீளவாட்டில் எவ்வளவு எடையையும் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விழுந்துவிடும். அதனால் முட்டின் மேல் நேராகச் சாய்ந்து அழுத்தாதீர்கள். அவருடைய தலையை நோக்கி இரண்டடி நடந்தால் முட்டின் கோணம் மாறி, முழங்கை விலாவை விட்டு விலகும். தலைப்பக்கமாகச் சுற்றி, அவர் மேல் தலைமாறிப் படுக்கும் நார்த்-சவுத் நிலைக்கும் போகலாம், அங்கிருந்து மறுபக்கத்துக்கும் இறங்கலாம். இடுப்பை ஒரேயடியாக விலக்கிக்கொண்டு முழங்காலை உள்ளே நுழைக்கிறார் என்றால், அந்தப் பக்கத்தைப் பிடிவாதமாகப் பிடித்திருக்காமல் பின்வாங்கி, அவர் காலியாக விட்ட பக்கத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, அவர் முற்றிலும் உங்களுக்கு அப்பால் திரும்பிக் குப்புறக் கவிழ்ந்து முழங்காலிட்டுக்கொள்வது. 3 புள்ளி போயிற்றே என்று அவரை மறுபடி மல்லாத்த முயல வேண்டாம். ஒரு கை தோளுக்கு மேலாகவும் மறு கை அக்குளுக்கு அடியிலும் கொடுத்து மார்பை அவர் முதுகோடு ஒட்டுங்கள்; இரு பாதங்களும் அவருடைய தொடைகளின் உட்புறம் கொக்கி போட்டு நிலைத்தால் கிடைப்பது 4 புள்ளிகள்.

மேலும் கீழும்

எல்லோரும் திரும்பிக்கொண்டே இருப்பதில்லை. சிலர் முழங்கால்களை மார்போடு ஒட்டிச் சுருண்டுகொள்வார்கள். அவர்களைச் சுற்றி ஓடுவதால் எந்தப் பதிலும் கிளம்பாது. அங்கே திசை செங்குத்தாக மாற வேண்டும். இரு தொடைகளுக்கும் அடியில் கைகளைக் கொடுத்து இடுப்பைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், ஊன்றித் திரும்புவதற்கு அவருக்கு எதுவும் இருக்காது. பிறகு சிறு அடிகளாக ஒரு பக்கம் நடந்து கால்களை முகத்துக்கு அப்பால் தள்ளிவிடலாம். இதை ஸ்டாக் என்பார்கள். கழுத்தின் மேல் எடை விழும் முறை என்பதால் மெதுவாகவே செய்ய வேண்டும். பயிற்சித் துணைவர் போதும் என்று கையால் தட்டியதும் உடனே விட வேண்டும். ஒரு தொடைக்கு அடியிலும் மற்றதற்கு மேலும் கை கொடுத்து, இடுப்பைத் தோளால் நசுக்கி நகரும் ஓவர்-அண்டர் முறை பெர்னார்டோ ஃபரியாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வேகம் குறைந்தவர்களுக்கும் கனமான உடல்வாகு உள்ளவர்களுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

எதிராளி உட்கார்ந்தே இருந்தால், இரு பாதங்களும் உங்கள் தொடைகளுக்குள் கொக்கி போட்ட பட்டர்ஃபிளை கார்டில் அவர் உங்களைத் தூக்கிக் கவிழ்க்கக் காத்திருக்கிறார். இங்கே முதல் திசை முன்னோக்கி: தோளால் அழுத்தி அவரை மல்லாக்கச் சாய்க்க முயலுங்கள். சாய்ந்துவிட்டால் கால்கள் இலேசாகிவிடும், சுற்றிப் போகலாம். சாயாமல் அவர் எதிர்த்து முன்னுக்குத் தள்ளினால், அந்தத் தள்ளலை வரவிட்டுத் தாழ்ந்து, இடுப்பைச் சுற்றி இரு கைகளையும் பூட்டி ஒரு பக்கமாகத் தாண்டலாம். தாழும்போது தலை அவருடைய மார்போடு ஒட்டியிருக்கட்டும்; வெளியே தொங்கும் கழுத்து கிலட்டின் எனப்படும் முன்கை நெரிப்புக்குத் தானாக அகப்படும்.

கடந்தபின் 3 விநாடி

இடுப்பைக் கடந்ததும் இரு கைகளாலும் தலையைக் கட்டிப்பிடிப்பது தொடக்கக்காரர்களின் இயல்பு. அப்போது அவருடைய இடுப்பு விடுதலையாகிவிடுகிறது. முழங்கையும் முழங்காலும் மறுபடி சந்தித்துவிட்டால் கார்ட் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். தலைப்பக்கக் கையால் அவர் முகத்தை உங்களிடமிருந்து அப்பால் திருப்பி வையுங்கள், மறு கையைத் தூர அக்குளுக்கு அடியில் வையுங்கள், உங்கள் கீழ் முழங்காலை அவருடைய அருகு இடுப்போடு இடைவெளியில்லாமல் ஒட்டி வையுங்கள். பிறகு மூன்று எண்ணுங்கள். அதற்குள் மவுண்டுக்கு, அதாவது அவர் மேல் இருபுறமும் கால் போட்டு அமரும் நிலைக்கு, ஏற அவசரப்பட்டுக் காலைத் தூக்கினால், பாடுபட்டுக் கடந்த இடைவெளியை நீங்களே திறந்து கொடுப்பீர்கள்.

பழகும் முறை

துணைவர் அசையாமல் கிடக்க, வலம் சுற்றி நின்று நீ கட்டுக்குத் திரும்பும் பாத அசைவை மட்டும் முதலில் பழகுங்கள். ஒவ்வொரு பக்கமும் 10 தடவை போதும். அடுத்ததாக, துணைவர் மேலே சொன்ன மூன்று பதில்களில் ஒன்றைத் தம் விருப்பம்போல், பாதி வலிமையோடு தரட்டும். நீங்கள் பதிலைப் பார்த்துத் திசையைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் பலரும் தவிர்த்துவிட்டு, அசையாத உடலிலிருந்து நேரே முழு வேக ரோலிங்குக்கு, அதாவது பயிற்சிச் சண்டைக்கு, போய்விடுகிறார்கள். நுட்பம் தெரிந்தும் ஆட்டத்தில் வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் கணிப்பு.

மூன்றாவதாக, கணுக்கால்கள் பூட்டாத ஓபன் கார்டிலிருந்து மட்டும் தொடங்கும் 2 நிமிடச் சுற்றுகள். நீங்கள் தாண்டினாலும், அவர் உங்களைக் கவிழ்த்தாலும் மறுபடி அதே நிலையிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சுற்றுகளில் உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே பக்கம் தொடர்ந்து மூன்றாவது அடி வைக்கக் கூடாது, இரண்டடியில் தாண்டாவிட்டால் திசை மாற வேண்டும். முதல் நாட்களில் இது செயற்கையாகத் தோன்றும், கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், கவிழ்க்கவும்படுவீர்கள். தொடக்க நிலையான வெள்ளைப் பட்டையில் பெரியவர்களின் போட்டி ஆட்டம் 5 நிமிடம்தான். இந்தச் சுற்றுகள் இரண்டை இடைவெளியின்றி முடித்தபிறகும் வாய் மூடி மூக்கால் மூச்சுவிட முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் இன்னும் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.